கொரியச் சமையல் கற்கப் போகும் மகனுக்கு எவ்வளவு முதல் போடலாம்?

தெஹிவளையில் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஹாஜியார் ஒருவர், அண்மையில் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, மகன் கொரியாவுக்குப் போய்ச் சமையல் படிக்கப் போறானாம். எங்கட வாப்பாட காலத்திலேருந்து நாங்க புரியாணிச் சட்டி இறக்குறோம். அவனுக்கு இனி என்னத்தப் படிக்க இருக்கு?" என்றார். கையில் ஏஜென்சி ஒன்று கொடுத்த கடதாசி இருந்தது. ஆறு மாதப் பாடநெறி, படிக்கும் காலத்திலேயே உணவகத்தில் சம்பளத்துடன் வேலை, முடிவில் சான்றிதழ். கீழே எழுதியிருந்த தொகைக்கு ஓடின வேன் ஒன்று வாங்கி, கடைக்கு சப்ளை வேலைக்குப் போட்டுவிடலாம்.

மகனின் எண்ணத்தில் நியாயம் இருக்கிறது, கடதாசியில்தான் இல்லை என்று அவரிடம் சொன்னேன். அவருக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. பள்ளி வாசலில் நின்று முழுவதையும் விளக்க முடியாததால் இந்த வாரப் பத்தியில் எழுதுகிறேன். இதே கேள்வி நமது வர்த்தகர்கள் பலரின் வீடுகளிலும் இருக்கும்.

கொரியச் சாப்பாட்டுக்கு இங்கே ஆள் இருக்கிறதா என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 2012இல் ரூபவாஹினியில் "சுஜாத தியணி" என்ற பெயரில் ஓடிய கொரியத் தொடர் ஞாபகம் இருக்கும். அரண்மனைக் குசினியில் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண்பிள்ளையின் கதை அது. அதை உம்மாவின் மடியில் இருந்து பார்த்த பிள்ளைகள்தான் இன்று சொந்தச் சம்பளத்தில் வெளியே சாப்பிடுகிறார்கள். இன்னொரு பக்கம், 2004இல் ஆரம்பமான தொழில் அனுமதித் திட்டத்தின் கீழ் கொரியாவுக்குப் போன நம் நாட்டுத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். ஒரு தடவை போனால் நான்கு வருடம் பத்து மாதம் வரை அங்கே இருந்து, தொழிற்சாலைச் சாப்பாட்டறையில் தினமும் கிம்ச்சி சாப்பிட்டவர்கள். அவர்களை ஏமாற்றுவது கஷ்டம். இந்த இரண்டு கூட்டமும் வாடிக்கையாளர்கள்தாம்.

ஆனால் இந்த ஆசையைப் பார்த்து நம்மவர்கள் செய்வதென்ன? ஒரு போத்தல் கோச்சுஜாங் வாங்கிக் கோழிப் பொரியலில் ஊற்றி, போர்ட்டில் "கொரியன்" என்று எழுதிவிடுகிறார்கள். முதல் மாதம் கடை நிறைகிறது. நான்காம் மாதம் அதே அடுப்பில் கொத்து போடுகிறார்கள். கொத்து நல்ல வியாபாரம், அதைக் குறை சொல்லவில்லை. கொரியப் பெயருக்குப் போட்ட முதல் மட்டும் போனது போனதுதான்.

இதில் கற்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்ட ஹாஜியாருக்கு என் பதில் இது. கொரியச் சமையலின் அத்திவாரம் நொதிக்க வைத்த சோயா. சோயா அவரையை அவித்து, இடித்து, கட்டியாகப் பிடித்து, காய வைத்து, உப்புத் தண்ணீரில் மாதக்கணக்கில் ஊறப் போடுகிறார்கள். அதிலிருந்து பிரியும் தண்ணீர் கன்ஜாங் என்ற சோயா சோஸ். மிஞ்சும் கட்டி தென்ஜாங். அந்தச் சோயாத் தூளுடன் கொச்சிக்காய்த் தூளும் பசையரிசியும் சேர்ந்தால் கோச்சுஜாங். இந்த முறையை யுனெஸ்கோ 2024 டிசம்பரில் மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. குடும்பமும் அயலும் கூடிக் கிம்ச்சி போடும் வழக்கம் 2013இலேயே சேர்ந்துவிட்டது. போத்தல் வாங்குபவனுக்கு இவற்றின் பெயர் தெரியும். எந்தச் சாமானை எப்போது, எவ்வளவு, எதனுடன் போடுவது என்பது அடுப்படியில் நின்றவனுக்குத்தான் தெரியும்.

கிம்ச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். சீனக் கோவாவைப் பிளந்து உப்பில் ஊற வைத்து, கழுவி, வடித்து, கொச்சிக்காய், வெள்ளைப்பூடு, இஞ்சி, உப்பு போட்ட கூனி அல்லது மீன் சாறு கலந்த கூட்டை இலை இலையாகப் பூச வேண்டும். எழுதினால் நான்கு வரி. கோவா எந்தப் பதத்தில் வளைந்தால் உப்பு போதும் என்பதைக் கைதான் சொல்ல வேண்டும். மேலும், அது குளிர்நாட்டுப் பண்டம். கொரிய வீடுகளில் கிம்ச்சிக்கென்றே தனிக் குளிர்சாதனப் பெட்டி வைத்திருக்கிறார்கள். நமது கடையின் முப்பது பாகை வெக்கையில் ஒரு நாளில் புளித்துப் பொங்கி மூடியைத் தள்ளும். அங்கே கற்றதை இங்கே மாற்றிச் செய்ய, அங்கே அது ஏன் அப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

அதேபோல அவர்களுடைய நல்லெண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது. நம் கடைகளில் கிடைக்கும் நல்லெண்ணெயை ஊற்றினால் அந்த வாசம் வராது. கிம்பாப் சுருட்ட ஒட்டும் சோறு வேண்டும். கீரிச் சம்பாவில் சுருட்டினால் வெட்டும்போது உதிர்ந்துவிடும். கோச்சுகாரு என்ற அவர்களது கொச்சிக்காய், விதை நீக்கி அரைகுறையாக இடித்த சிவந்த செதில். காரம் குறைவு, நிறம் அதிகம். அதே அளவுக்கு நம் தூளைப் போட்டவரின் கடையில் நான் ஒரு நாள் சாப்பிட்டேன். சாப்பிட்டேன் என்பதைவிடத் தண்ணீர் குடித்தேன் என்பதே சரி.

ஆகவே கற்கத்தான் வேண்டும். எங்கே, எப்படி என்பதில்தான் காசு கரைகிறது.

சியோல் நகரில் சமையல் வகுப்புகளுக்குப் பஞ்சமில்லை. உல்லாசப் பயணிகளுக்கான வகுப்பு இரண்டு மூன்று மணித்தியாலம். ஏப்ரன் கட்டி, சாமானெல்லாம் வெட்டி வைத்த மேசையில் நின்று, இரண்டு கறி சமைத்து, படம் எடுத்துக்கொண்டு போகலாம். ஆங்கிலத்தில் விளக்குவார்கள். இதற்குப் போவதில் தப்பில்லை. ஆனால் இதில் கிடைக்கும் அழகான சான்றிதழைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினால் கொரியர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். ஏஜென்சிக் கடதாசிகள் சொல்லும் "சான்றிதழ்" பல வேளைகளில் இந்த ரகம்.

கொரியர்களே காசு கட்டிப் படிக்கும் இடம் வேறு. ஹக்வொன் என்று அழைக்கப்படும் தனியார் வகுப்புகளில் சமையலுக்கென்றே பல உண்டு. கடை திறக்க நினைப்பவர்கள், வேலை தேடும் இளைஞர்கள், வீட்டுப் பெண்கள் என்று எல்லோரும் அரசாங்கத்தின் கொரியச் சமையல் தேர்ச்சிச் சான்றிதழை நோக்கி அங்கே படிக்கிறார்கள். எழுத்துப் பரீட்சையும் செய்முறைப் பரீட்சையும் உண்டு. இரண்டிலும் நூற்றுக்கு 60 எடுக்க வேண்டும். அண்மைய ஆண்டுகளின் செய்முறைப் பட்டியலில் 33 விடயங்கள். அவற்றிலிருந்து கொடுக்கப்படும் இரண்டை ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் முடிக்க வேண்டும். மரக்கறியைச் சொன்ன நீளத்துக்கும் தடிப்புக்கும் வெட்டுவதே அதில் தனி விடயம். இந்தப் பரீட்சையை நடத்துவது, நம் இளைஞர்கள் எழுதும் கொரிய மொழிப் பரீட்சையை நடத்தும் அதே மனிதவள நிறுவனம்தான்.

நமக்கு இதில் இரண்டு தடைகள். ஒன்று, பாடம் கொரிய மொழியில். மொழி தெரியாதவன் வாத்தியாரின் கையைப் பார்க்கலாம், வாயைப் புரிந்துகொள்ள முடியாது. மற்றது, அந்த 33இல் மசாலா பூசிச் சுட்ட பன்றி இறைச்சியும் ஒன்று. அது வந்தால் என்ன செய்வது என்பதை விமானத்தில் ஏறும் முன்பே உலமா ஒருவரிடம் கேட்டுத் தெளிய வேண்டும். எனது அபிப்பிராயம், பரீட்சை எழுதாவிட்டாலும் ஹக்வொனில் படிக்கலாம் என்பது. நமது வாடிக்கையாளர் சான்றிதழைச் சாப்பிடுவதில்லை.

இறைச்சியே இல்லாத வழியும் ஒன்றுண்டு. கொரியப் பௌத்த விகாரைகளின் சமையலில் இறைச்சி, மீன் இல்லை. வெங்காயம், வெள்ளைப்பூடு கூட இல்லை. சியோலில் இதற்கென நடத்தப்படும் நிலையத்தில் வெளிநாட்டவர்களுக்கும் வகுப்பு வைக்கிறார்கள். சிலர் முகம் சுளிக்கலாம். நான் சொல்வது குசினிப் பாடத்தை மட்டும். இறைச்சி, மீன் சாற்றின் துணையின்றி ருசி வரவழைக்க, சோயாவையும் காளானையும் கடற்பாசியையும் கையாளத் தெரிந்தாக வேண்டும்.

வகுப்பு பாதிதான். மீதி பாதி கடைக் குசினியில் இருக்கிறது. கொரிய அரச சமையலின் கதை இதற்கு நல்ல உதாரணம். அரச வம்சம் முடிந்த பின் அந்தச் சமையலை அறிந்தவராக ஹன் ஹுயி-சுன் என்ற பழைய அரண்மனைக் குசினிப் பெண்மணி இருந்தார். ஹ்வாங் ஹே-சொங் என்ற கல்லூரி விரிவுரையாளர் 1940களில் அவரிடம் போய்ச் சேர்ந்தார். புத்தகம் இல்லை, அளவு இல்லை. பெண்மணி செய்யச் செய்யப் பக்கத்தில் நின்று பார்த்து எழுதிக்கொண்டார். அது ஏறக்குறைய முப்பது வருடப் படிப்பாக நீண்டது. அவர் 1971இல் தொடங்கிய கொரிய அரச உணவு நிறுவனம் இன்றும் சியோலில் இயங்குகிறது. படித்த விரிவுரையாளரே அடுப்படியில்தான் கற்றார்.

ஆனால் வெளிநாட்டவன் அடுப்படியில் நிற்பதற்கு விசா வேண்டும். ஏஜென்சிகள் மழுப்புவது இந்த இடத்தில்தான். சுற்றுலா விசாவில் போய் வேலை செய்வது சட்டவிரோதம். "பயிற்சி" என்று பெயர் மாற்றினாலும், சம்பளம் வாங்காவிட்டாலும், பிடிபட்டால் திருப்பி அனுப்பி, மீண்டும் வரத் தடையும் போடலாம். மொழி படிக்கும் மாணவர் விசாவில் போனால் முதல் ஆறு மாதம் வேலை இல்லை. அதன் பின்னரும் குடிவரவு அலுவலகத்தில் அனுமதி எடுத்து, கட்டுப்பாடான மணித்தியாலங்களே செய்யலாம். கடதாசியில் எழுதியிருந்த "ஆறு மாதப் படிப்பு, கூடவே வேலை" என்ற வாசகத்தை இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். கணக்கு அங்கேயே உடைந்துவிடுகிறது.

தொழில் அனுமதித் திட்டத்தில் 2024இல் ஒரு புதிய வாசல் திறந்தது. அதுவரை தொழிற்சாலை, கட்டுமானம், பண்ணை, மீன்பிடி என்று இருந்த வேலைகளுடன் உணவகக் குசினி உதவியாளர் வேலையையும் சேர்த்தார்கள். முதற்கட்டமாக 100 பிரதேசங்களில், கொரிய உணவகங்களில். உதவியாளர் என்றால் கோப்பை கழுவுவது, மரக்கறி சுத்தம் செய்வது. அதிலிருந்து கத்திக்கு வருவது அவரவர் கெட்டித்தனம். ஆனால் இத்திட்டம் அரசாங்கத்துக்கும் அரசாங்கத்துக்கும் இடையிலானது. இங்கே அதைச் செய்வது வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம். தனியார் முகவருக்கு அதில் இடமே இல்லை. இதைக் காட்டிக் காசு கேட்பவர் யாராயினும், எத்தனை தடவை ஸலாம் சொன்னாலும், எழுந்து வந்துவிடுங்கள்.

இனி ஹலால் விடயம். மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஒரு வியாபாரியின் கண்ணால் ஒன்றைச் சொல்கிறேன். சாதாரண கொரிய உணவகத்தில் பன்றி இறைச்சியும் சோஜு மதுவும் அன்றாடம். அங்கே நம் பிள்ளை வேலைக்கு நின்றால் குழம்பைச் சுவைத்துப் பார்க்க மாட்டான். சுவைக்காத கோக்கி எதைக் கற்பான்? ஒரு வருடம் கழித்துக் கோப்பை கழுவுவதில் நிபுணனாகத் திரும்பி வருவான். ஆகவே ஹலால் குசினியில் கற்பது மார்க்கத்துக்கு மட்டுமன்றித் தொழிலுக்கும் அவசியமாகிறது.

அப்படிப்பட்ட குசினிகள் இருக்கின்றன. சியோலின் இதேவோன் பகுதியில் 1976இல் திறக்கப்பட்ட மத்திய பள்ளிவாசலைச் சுற்றி ஹலால் இறைச்சிக் கடைகளும் உணவகங்களும் உள்ளன. அவற்றுள் புல்கோகி, கோழி சூப், பிபிம்பாப் என்று கொரியச் சாப்பாட்டையே ஹலாலாகத் தருபவையும் உண்டு. சிறிய கடைகள், இரண்டு மூன்று பேர் நிற்கும் குசினிகள். கற்பவனுக்கு அதுவே வசதி, எல்லா வேலையும் அவன் கைக்கு வரும். ஆனால் போர்ட்டைப் பார்த்து ஏமாறக்கூடாது. கொரியச் சுற்றுலா அமைப்பு முஸ்லிம்களுக்கான உணவகங்களைத் தரம் பிரித்திருக்கிறது. சான்றிதழ் பெற்ற ஹலால் ஒன்று, உரிமையாளரே ஹலால் என்று சொல்வது இன்னொன்று, பன்றி இறைச்சி இல்லை என்பது வேறொன்று. கடைசி வகையில் கோழி எங்கே, யார் அறுத்தது என்ற உத்தரவாதம் கிடையாது.

சாமான் இறக்குமதி செய்பவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. கொரியாவின் சோயா சோஸ், கோச்சுஜாங் பலவற்றில் கெடாமல் இருக்க மதுசாரம் சேர்க்கிறார்கள். லேபிளில் "ஜூஜொங்" என்று கொரிய எழுத்தில் சிறிதாக இருக்கும். சமையலுக்கு இனிப்பு மது ஊற்றுவதும் வழக்கம். 2017 ஜூனில் இந்தோனேசியா நான்கு கொரிய நூடில்ஸ் வகைகளைச் சந்தையிலிருந்து மீளப் பெற்றது. சோதனையில் பன்றிக் கூறு இருந்தது, பக்கற்றில் அறிவிப்பு இருக்கவில்லை. கவனிக்க வேண்டியது என்னவென்றால், கொரியக் கம்பனிகள் ஹலால் சான்றிதழுள்ள பக்கற்றும் செய்கின்றன, அது இல்லாத பக்கற்றும் செய்கின்றன. கம்பனியின் பெயரைப் பார்த்து ஓடர் கொடுப்பது போதாது. சான்றிதழ் எந்தப் பொருளுக்கு என்று பார்க்க வேண்டும். கொரிய எழுத்து வாசிக்கத் தெரிந்த ஒருவர் கடையில் இருப்பதன் பெறுமதி இதில் விளங்கும்.

காசுக் கணக்குக்கு வருவோம். கொரியாவில் 2026ஆம் ஆண்டுக்கான குறைந்தபட்சச் சம்பளம் மணித்தியாலத்துக்கு 10,320 வொன். கிழமைக்கு இருபது மணித்தியாலம் கிடைத்தால் 206,400 வொன். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் சியோலில் அறை வாடகை, முற்பணம், வகுப்புக் கட்டணம் என்று பார்த்தால் பிள்ளை தன் சாப்பாட்டைப் பார்த்துக்கொள்வான், படிப்புச் செலவை வீட்டிலிருந்துதான் அனுப்ப வேண்டும். "போய் உழைத்துப் படித்துவிடுவான்" என்று நினைத்துக் கடன் வாங்காதீர்கள். மலேசியாவில் ஜாகிம் ஹலால் சான்றிதழுடன் நடக்கும் கொரிய உணவகங்கள் இருக்கின்றன. ருசி மலாய்க்காரருக்கு ஏற்ப மாறியிருக்கும் என்பது உண்மை. ஹலால் கடையொன்றைக் கணக்கோடு நடத்தும் முறையைப் பார்க்க அங்கே ஒரு பத்து நாள் போய்வருவது வீண் செலவல்ல.

எனக்குச் சரியாகப் படும் வழி இன்னொன்று. கொரியாவில் ஐந்து வருடம் இருந்துவிட்டு வந்தவர்கள் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள். கொரிய மொழி பேசுவார்கள், அந்த ருசி நாக்கில் இருக்கிறது. பலர் கொண்டுவந்த காசில் வீடு கட்டிவிட்டு, மீதியை என்ன செய்வதென்று தெரியாமல் முச்சக்கர வண்டி ஓட்டுகிறார்கள். உங்கள் கடையின் அனுபவமுள்ள கோக்கியுடன் அப்படிப்பட்ட ஒருவரைச் சேர்த்துவிடுங்கள். மொழி தெரிந்தவர் மூன்று மாதம் ஹக்வொனில் படித்தால், மொழி தெரியாத பிள்ளை ஒரு வருடம் படிப்பதைவிட அதிகம் கொண்டுவருவார். விசாவை மட்டும் ஒழுங்காகச் செய்யுங்கள்.

"அனுப்பிப் படிப்பித்தால் திரும்பி வந்து அடுத்த கடைக்குப் போய்விடுவானே" என்பது முதலாளிமாரின் நிரந்தரப் பயம். பொண்ட் எழுதி வாங்குகிறார்கள். பொண்ட் பிடித்து வைத்திருக்கும் கோக்கியின் சமையலில் மனம் இருக்காது. அவனுக்கு அந்தப் பகுதியின் இலாபத்தில் பங்கு கொடுங்கள். முதல் உங்களுடையது, உழைப்பு அவனுடையது, இலாபம் பேசிய விகிதத்தில். நம் வாப்பாமாருக்குத் தெரிந்த முறைதான். சம்பளப் புத்தகம் வந்த பிறகு நாம்தான் மறந்துவிட்டோம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2022இல் டொலர் இல்லாமல் இறக்குமதி நின்றபோது, வெளிநாட்டுப் போத்தலை நம்பியிருந்த குசினிகள் எத்தனை மெனுவை வெட்டின என்பது நமக்குத் தெரியும். கோவா, ராபு, இஞ்சி, கோழி எல்லாம் இங்கே விளைபவை. கொரியாவில் கற்பவன் போத்தலைத் திறக்கக் கற்றால் அடுத்த நெருக்கடியில் கடை மூடும். கூட்டுச் சேர்க்கக் கற்றால் பாதி மெனுவாவது நிற்கும்.

ஹாஜியாரின் மகன் இன்னும் போகவில்லை. கொழும்பில் கொரிய மொழி வகுப்பொன்றில் சேர்ந்திருக்கிறான். கடையின் பின்பக்கக் குளிர் அறையில் ஒரு மூலையைக் கேட்டு வாங்கி, நுவரெலியாக் கோவாவில் வாளி வாளியாகக் கிம்ச்சி போட்டுப் பார்க்கிறான். முதல் இரண்டு வாளியும் குப்பைக்குப் போயின. மூன்றாவதை நானும் ருசி பார்த்தேன், உப்பு சற்றுத் தூக்கல். போன வெள்ளிக்கிழமை ஹாஜியார் மறுபடியும் பிடித்துக்கொண்டார். குளிர் அறை நாறுகிறது, புரியாணி இறைச்சிக்கும் வாசம் ஏறிவிடும் போலிருக்கிறது என்று ஒரே முறைப்பாடு. செருப்பைப் போட்டுக்கொண்டே, "அது சரி தம்பி, கொரியாவில இருந்து வந்த ஆள் ஒருத்தன் இருந்தாச் சொல்லுங்களேன், பங்குக்கு" என்றார்.